ரூம் என்ற சொல்லுக்கு நான்கு கார்டு

பதினோரு நாளாக என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு பேருக்கும் ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசை, அதுவும் போதாதென்று ஒரே சொல்.

எங்கள் வேலை ஆங்கிலம் தமிழ் அகராதி தயாரிப்பது. ஒரு சொல்லை எடுத்தால் அதன் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கார்டு. கார்டின் மேல்பாதியில் இவர் பொருள் எழுதுவார். அதன் கீழே நான் அந்தச் சொல்லை வைத்து ஆங்கிலத்தில் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவேன். கார்டு திரும்ப இவரிடம் போகும். என் வாக்கியத்தைத் தமிழில் எழுதி இவர் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பெரிய ஆசிரியர் எல்லோரையும் உட்கார வைத்து, கார்டுகளைச் சத்தமாகப் படித்து, முத்திரை குத்துவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. அவர் வந்து நின்றால் யார் பேச்சும் அதோடு சரி.

முற்றுப்புள்ளியிடம் ஒரு சட்டம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியம் உண்மையாக இருக்கக் கூடாது. எப்போதோ ஒரு புண்ணியவான் லஞ்ச் என்ற சொல்லுக்கு, 'முதலாளியின் மைத்துனர் அடுத்தவர் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார்' என்று எழுதிவிட்டாராம். அது அப்படியே அச்சாகி, மைத்துனர் புத்தகமும் கையுமாக வந்து நின்றாராம். அன்றிலிருந்து, வாக்கியத்தில் நிஜம் ஒரு சொட்டு கலந்திருந்தாலும் அந்தச் சொல்லின் மொத்தக் கார்டுக் கட்டையும் கிழித்துப் போட்டுவிடுவார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நாங்கள் புதிதாகக் குடிபோன வீட்டில் இரண்டு பெரிய அறை, ஒரு சமையலறை, கொசுறு மாதிரி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறை தன் மேசைக்கும் அகராதிகளுக்கும் என்று இவர் முடிவு செய்துவிட்டார். இவரிடம் நூற்று எழுபது அகராதி இருக்கிறது. பாதி கட்டிலுக்கு அடியில், மீதி கட்டிலுக்கு மேலும் மேசை மேலும். நான் திரும்பிப் படுத்தால் விலாவில் குத்துவது பெரும்பாலும் இரண்டாம் தொகுதி.

"அந்த ரூம் எனக்கு வேணுங்க" என்றேன்.

"உனக்கு எதுக்கு?"

"கதவைச் சாத்திக்கிட்டு சும்மா உக்கார."

சிரித்தார். "சும்மா உக்கார ஒரு ரூமா?"

அந்தச் சிரிப்புக்குத்தான் பதினோரு நாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த ஒரே இடம் குளியலறை. அங்கேயும் வெளியே நின்று தட்டி, 'நேரம்' என்பதற்கும் 'காலம்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட மனுஷன் இவர். எனக்கு வயிறு எரிந்ததா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

சண்டைக்கு முன்பே அந்த மாதம் எங்களுக்கு வந்திருந்த சொல் எது தெரியுமா? ரூம். சத்தியமாக நான் கேட்டு வாங்கவில்லை.

ரூமுக்கு நான்கு கார்டு. முதல் கார்டு, அறை. சுவரும் கதவும் உள்ளது, எண்ணக்கூடியது, ஒன்று இரண்டு என்று பன்மை வரும். இரண்டாவது, இடம். இந்தப் பொருளில் எண்ணக் கூடாது, 'ஒரு' சேர்க்கக் கூடாது, பன்மையும் கிடையாது. 'காரில் எனக்கு ரூம் இருக்கிறதா?' என்று கேட்டால் சரி. 'ஒரு ரூம் இருக்கிறதா?' என்று கேட்டால் காருக்குள் கட்டிலும் மின்விசிறியும் கேட்கிறோம் என்று ஆகிவிடும். மூன்றாவது, வாய்ப்பு. முற்றுப்புள்ளி வருஷா வருஷம் எங்கள் எல்லோரையும் பற்றி 'முன்னேற ரூம் உண்டு' என்று எழுதுகிறாரே, அது. நான்காவது, அறையில் இருக்கும் ஆட்கள். 'ரூமே சிரித்தது' என்றால் சுவர் சிரித்ததாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவர் மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்தார். இரண்டாவது கார்டுக்கு மட்டும் பதினான்கு தடவை எழுதி எழுதி அடித்தார். கடைசியில் வந்தது இது: 'ஒருவர் நகர்ந்துகொடுத்தால் இன்னொருவருக்குக் கிடைப்பது.' அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் முழுக்கச் சுற்றினார். தண்ணீர் கேன் போடுகிறவர்கூடப் படித்துவிட்டார். பேச்சுவார்த்தை இல்லாததால் என்னிடம் மட்டும் காட்டவில்லை. கார்டு என் மேசைக்கு வந்தபோது படித்தேன். நன்றாக இருந்தது, அதுதான் எரிச்சல். இவ்வளவு தெரிந்தவருக்கு வீட்டில் ஒரு அங்குலம் நகரத் தெரியவில்லையே!

அந்த ஆத்திரத்தில்தான் முதல் கார்டை எடுத்து ஆங்கிலத்தில் எழுதினேன். 'ஜன்னல் வைத்த அறை என் மனைவிக்குத்தான்.'

கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. ஆனால் பிழையில்லாத வாக்கியத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. ஒரு மணி நேரம் பிழை தேடினார், கிடைக்கவில்லை. பிறகு எங்கள் இருவருக்கும் எதிரில் உட்கார்ந்திருந்த தட்டச்சு அக்காவிடம் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். 'ஜன்னல் வைத்த என்பது தேவையா?' நான் அதே சீட்டில் 'தேவை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏம்மா, கையை நீட்டினா எட்டுற தூரத்துல உக்காந்துக்கிட்டு என்னை எதுக்கு போஸ்ட்மேன் ஆக்குறீங்க?" என்றார் அக்கா.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தப்பில்லாத வாக்கியம் என்றால் தன் தலையை வெட்டச் சொல்லி இருந்தாலும் அழகாக மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுவார், அது இவர் பிறவிக்குணம். நான் உடனே போனில் படம் எடுத்தேன். பெரிதாக அச்சுப் போட்டு, சட்டம் அடித்து, சின்ன அறைக் கதவில் மாட்டுவதாகத் திட்டம்.

வெள்ளிக்கிழமை முற்றுப்புள்ளி முதல் கார்டைப் படித்தார். அக்கா களுக்கென்று சிரித்துவிட்டார். அவ்வளவுதான், முத்திரை அந்தரத்தில் நின்றது.

"ரெண்டு பேரும் எந்திரிங்க. ஜன்னல், மனைவி, கையெழுத்து... என்ன இது? உண்மையா, பொய்யா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, கோபத்தில் சட்டத்தையே மறந்து தொலைத்தேனே! உண்மை என்றால் நான்கு கார்டும் போச்சு, மூன்று வார உழைப்பு போச்சு, 'நகர்ந்துகொடுத்தால்' போச்சு. பொய் என்றால் முத்திரை விழும். ஆனால் அறை எனக்கில்லை என்று இத்தனை பேர் முன்னால் இவர் சொன்னதாக ஆகிவிடும். பொய்யென்று சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். சொல்லித்தான் பாருங்களேன், வீட்டுக்கு வாங்க பேசிக்கிறேன் என்றும் கத்தினேன்.

இவர் மேசையில் இருந்த இரண்டாவது கார்டைப் பார்த்தார்.

"உண்மைதான் சார். அந்த ரூம் அவளோடதுதான்."

ரூமே சிரித்தது. நான்காவது கார்டில் இருந்தபடியே.

முற்றுப்புள்ளி சிரிக்கவில்லை. கார்டுக் கட்டைக் கிழிக்கப் பார்த்தார். கெட்டி அட்டை, நான்கும் சேர்ந்து கிழிய மாட்டேன் என்றது. முகம் சிவக்க முக்கினார். கடைசியில் அக்காவிடம் கத்தரிக்கோல் வாங்கி வெட்டினார். "திங்கக்கிழமைக்குள்ள புதுசா வரணும்" என்றார். இவர் தன் மேசைக்குப் போனார்.

சனிக்கிழமை நான் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். ஆஹா, என்ன சுகம்! ஜன்னலுக்கு வெளியே ஒருவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்சக்கரம் முடித்துப் பின்சக்கரம் வரும்வரை பார்த்தேன். கதவைத் தட்டுவார், தட்டுவார் என்று காத்திருந்தேன். இவர் தட்டவே இல்லை. அதுதான் என்னை உட்கார விடவில்லை.

திறந்து பார்த்தால் இவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். மேசை முழுக்க அகராதி, அதனால் காய் வெட்டும் பலகையை அடுப்புப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் கார்டு வைத்து எழுதிக்கொண்டிருந்தார். கார்டின் ஓரத்தில் வெங்காயத்தோல். அதே இரண்டாவது பொருள், அதே சொற்கள், மனப்பாடமாக. எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, கீழே என் வாக்கியத்தை எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

இவர் அதைத் தமிழில் எழுதினார். 'என் அறையில் இரண்டு மேசைக்கு இடமில்லை.'

முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் கையெழுத்துப் போடப் போனார். வழக்கம் விடுமா?

"உண்மையா பொய்யான்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"உண்மையா, பொய்யா?"

"முத்திரை குத்துற கார்டுல யாராவது உண்மை எழுதுவாங்களா?"

நூற்று எழுபது அகராதி படித்த தலைக்கு அது ஏற முழுசாக ஒரு நிமிஷம் ஆனது. ஏறியதும் பேனாவைக்கூட மூடாமல் போய், அகராதிகளைக் கீழே இறக்கிவிட்டுத் தன் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசை வாசலில் சிக்கிக்கொண்டது. நான் உள்ளே நகர்ந்து ஒரு காலைப் பிடித்து இழுத்தேன்.

"ஆனா ஒண்ணுங்க. இந்த ரூம்ல கதவைச் சாத்தினா பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூடக் கூடாது."

"அதுக்கென்ன, பதினோரு நாள் பழகியாச்சே" என்றார்.