லேத்து மெசினுக்கு ஒரு அம்பா

இரும்பு கடைகிற, இருபது அந்தர் பாரமான லேத்து மெசின் வீட்டை விட்டுக் கிளம்பப் போகிறது என்றால் யசிந்தாவுக்கு நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும்! யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கி இரண்டு கிழமை. ஷெல்லுக்குப் பயந்து குருநகரில் பாதிச் சனம் போய்விட்டது. சண்டிலிப்பாய் ஏரம்பர் தன் புகையிலைக் கொட்டிலில் மெசினுக்கு இடம் தருகிறேன் என்று, மண்ணெண்ணெயில் ஓடும் டிரெக்டரோடு வந்து வாசல் படலையடியில் நிற்கிறார். வீட்டுப் பட்டறையிலிருந்து படலைக்கு முப்பது அடி. அந்த முப்பது அடிதான் பெரும்பாடு.

இழுக்க வந்தவர்கள் எட்டுப் பேர். எல்லாரும் யசிந்தாவின் தகப்பனின் தம்பி, குஞ்சியப்பு நீக்கிலாப்பிள்ளையின் வள்ளத்து ஆட்கள். மெசினை அலவாங்கால் நெம்பிக் கிளப்பி, தடித்த பலகைகளில் இருத்தி, கீழே இரும்புப் பைப்புகளை உருளையாகக் கொடுத்தாயிற்று. அவர்கள் முன்னால் வடத்தில் இழுக்க, பின்னால் கழன்று வரும் பைப்பைத் தூக்கி வந்து முன்னால் போடுவது லியோனின் வேலை.

லியோன் யசிந்தாவின் புருசன், மெசினின் சொந்தக்காரன். காலையிலிருந்து அவன் வாய் ஓயவில்லை.

"பைப்பைத் தடியாலைதான் தள்ளவேணும். கை வைக்கப்படாது. மெசினுக்கு முன்னாலை ஒருத்தரும் குந்தப்படாது. யசிந்தா, நீ உள்ளை போ. உதுக்குள்ளை பொம்பிளைக்கு என்ன வேலை?"

அவள் அசையவில்லை. இந்தக் கூத்தைப் பார்க்காமல் உள்ளே போக அவளுக்கென்ன விசரா?

நீக்கிலாப்பிள்ளை அம்பாவை எடுத்தார். வள்ளத்தைக் கரையேற்றும்போது பாடுகிற அதே பாட்டு. அவர் ஓரடி சொல்ல, எட்டுப் பேரும் வடத்தைத் தோளில் போட்டு, மெசினுக்கு முதுகைக் காட்டி, "ஏலேலோ!" என்று ஒரே மூச்சில் இழுத்தார்கள். அடி ஆத்தை, அசைந்தது! யசிந்தா கை தட்டியே விட்டாள். பத்தடி போயிற்று. பதினைந்தடி போயிற்று.

அப்போது ஒரு பைப்பு கோணலாகத் திரும்பியது. இவ்வளவு சட்டம் பேசிய லியோன் தடியைத் தேடினானா? இல்லை. மெசினுக்கு முன்னால் குந்தி, கையால் திருப்பினான். அவன் உடுத்திருந்த சாரத்தின் தொங்கல் பைப்புக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டது. கழற்றி எறியவும் வழியில்லை. இடுப்பில் அகலப் பெல்ட்டு இறுக்கிக் கிடந்தது.

"நிப்பாட்டுங்கோ! ஐயோ, நிப்பாட்டுங்கோ!" லியோன் கத்தினான்.

எவன் நிற்பான்? அம்பா நடுவில் நின்றால் வள்ளம் திரும்பக் கடலுக்குள் வழுக்கிவிடும் என்ற பயம் அவர்கள் எலும்பில் ஊறியது. பாட்டு முடியும்வரை கையும் விடாது, காலும் நிற்காது. பின்னால் யாரும் கத்தினால் இன்னும் உசாராக இழுப்பார்கள்.

கடற்கரையில் வளர்ந்த யசிந்தாவுக்கு இது தெரியும். அவள் நிற்கச் சொல்லிக் கத்தவில்லை. தொண்டை கிழிய அம்பாவின் கடைசி அடியைப் பாடினாள்.

"கரை வந்தோம் மாதாவே... ஓ... ஹோ!"

எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள். பலகை லியோனின் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. யசிந்தா ஓடிப்போய்ப் பைப்புக்கு ஆப்பு வைத்தாள், கிட்ட நின்றவனின் இடுப்புக் கத்தியை உருவிச் சாரத்தை அறுத்தாள், அவனை இழுத்து வெளியே போட்டாள்.

"ஆரடா அம்பாவை முடிச்சது?" நீக்கிலாப்பிள்ளை திரும்பினார். "பிள்ளை, நீயோ? பொம்பிளை அம்பா எடுத்தால் கடல் கோவிக்குமெல்லோ!"

"இஞ்சை எங்கை குஞ்சியப்பு கடல்? இது என்ரை வளவு! உங்கடை பாட்டு என்ரை மனிசன்ரை காலைத் தின்னப் பாத்தது!"

கிழவர் லியோனின் முழங்காலைப் பார்த்தார். அறுந்த சாரத்தைப் பார்த்தார்.

"அப்ப நீயே சொல்லு பிள்ளை. நாங்கள் இழுக்கிறம்."

யசிந்தாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாட்டில் ஓரடிக்கு ஒரு முழம்தான் இழுவை, பிறகு எல்லாரும் நிற்கவேண்டும், ஏரம்பர் அடுத்த பைப்பைத் தடியால் தள்ளிச் சரி என்ற பிறகுதான் அடுத்த அடி என்று சொன்னாள். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

லியோன் கிழிந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

"யசிந்தா, நான் எங்கை நிக்கிறது?"

"வேலியோடை நில்லுங்கோ. நான் கூப்பிடாமல் கிட்ட வரப்படாது."

அவன் போய் வேலியோடு நின்றான். அவள் முதல் அடியை எடுத்தாள்.