ஐந்து மார்லிஸ்கள்

"டுவைட், இன்னும் எவ்வளவு நேரம்?" டாக்டர் சோல்பெர்க் மறுபடியும் வந்து நின்றார்.

"ஃபைலை யாரோ திறந்து வச்சிருக்காங்க டாக்டர். அவங்க மூடாம நான் கை வைக்க முடியாது."

காலையில் மின்சாரம் கண் சிமிட்டியதிலிருந்து எங்கள் நாய், பூனை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வர் குழம்பிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய வந்தவன்தான் டுவைட். நாயின் பேரைத் தட்டினால் பூனையின் குறிப்பு வந்தது. அறுவை மேசையிலோ பிக்கிள். இரையோடு தூண்டில் முள்ளையும் விழுங்கிவிட்ட நாய். முன்னொரு தடவை ஏதோ மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் அதற்கு மூச்சே நின்றுபோனது. எந்த மருந்து? அன்றைக்கு இருந்தவர் மாற்று டாக்டர், எங்களுக்குத் தெரியாது. பிக்கிளின் சொந்தக்காரர் வெர்லின் உறைந்த ஏரி நடுவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே போன் எடுக்காது.

"யார் திறந்து வச்சிருக்கான்னு சர்வரையே கேளேன்," என்றேன்.

"கேட்டேன். அஞ்சு பேர். மார்லிஸ், மார்லிஸ், மார்லிஸ், மார்லிஸ், மார்லிஸ்."

உதவியாளர் ரெனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மார்லிஸ் எங்கள் பழைய மேலாளர். அவள் பேரில் கம்ப்யூட்டருக்குள் போனால் எல்லாம் திறக்கும் என்று நாங்கள் எல்லோருமே அவள் பேரில்தான் போவோம். அவள் ஓய்வு பெற்று, பிரிவு விழாக் கேக்கும் தின்று முடித்தாயிற்று. பேர் மட்டும் தங்கிவிட்டது.

"அஞ்சையும் வெட்டிவிட வேண்டியதுதானே?" என்றாள் ரெனே.

"யாராவது பாதி எழுதிட்டிருந்தா ஃபைல் உடைஞ்சிரும். அப்புறம் பிக்கிள் குறிப்பே இருக்காது, பரவாயில்லையா?"

வரவேற்பு மேசையில் நான் மூடினேன். "நாலு!" என்று கத்தினான் டுவைட். ரெனே ஆய்வு அறையில் மூடினாள். "மூணு!" டாக்டர் அறை, எக்ஸ்ரே அறை. "ஒண்ணு. யாருப்பா அந்த ஒண்ணு?"

கூண்டு அறை, மருந்து அறை, எல்லாம் தேடினோம். வேறு கம்ப்யூட்டரே ஓடவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டரோட எண் நம்ம கட்டடத்து எண்ணே இல்ல," என்றான் டுவைட். "வெளியிலேர்ந்து வருது."

"திருடனா?"

"நாய் தடுப்பூசி கணக்கை வச்சுத் திருடன் என்ன பண்ணுவான், ரெனே? இருங்க, அந்தத் திரைக்கு ஒரு வரி அனுப்பலாம். என்ன எழுத?"

"யாருன்னு கேளு," என்றேன்.

'மார்லிஸ், நீங்க யாரு?' என்று அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் என் மேசை போன் அடித்தது.

"நான்தான் மார்லிஸ். நீங்கல்லாம் யாரு?"

"அடிப் பாவி! எங்கடி இருக்கே?"

"அரிசோனாவுல, நல்ல வெயில்ல. அந்தக் குளிர்ல உக்காந்து விறைக்கவா சொல்றே? காலையில காபியோட உள்ள வந்து பாப்பேன். எது குட்டி போட்டுச்சு, எதுக்குக் காதுல புண்ணுன்னு."

"உன்னை யாரு உள்ள விட்டது?"

"யாரும் வெளிய அனுப்பலையே."

"அவங்க பேரை எடுத்தா நீங்க ஒருத்தரும் உள்ள வர முடியாதே, அதான் எடுக்கல," என்று முணுமுணுத்தான் டுவைட்.

"இப்ப என்ன பண்ணிட்டிருக்கே?"

"ஹெல்மா பூனைக்கு வயசைத் தப்பாப் போட்டிருக்கீங்க. திருத்திட்டு..."

"அதை அப்படியே விட்டுட்டு மூடு! பிக்கிள் மேசையில கிடக்கு."

உடனே போனை வைத்துவிட்டாள்.

"காலி!" என்றான் டுவைட். சர்வரைச் சரிசெய்து முடித்தான். பிக்கிளின் குறிப்பு திறந்தது. டாக்டர் படித்தார். கையிலிருந்த மருந்துப் புட்டியைப் பார்த்தார். அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

மத்தியானம் மறுபடி போன். "பிக்கிள் எப்படி இருக்கு?"

"முழிச்சிருச்சு. ரெனே கையை நக்குது."

"அப்பாடா. நானே பாக்கலாம்னா உள்ளயே விட மாட்டேங்குது."

"டுவைட் எங்க எல்லாருக்கும் தனித்தனிப் பேர் குடுத்துட்டான்."

"எனக்கு?"

டுவைட்டைப் பார்த்தேன். தலையை ஆட்டி முடியாது என்றான்.

"நீ காபி குடிக்கிற நேரத்துக்குப் போன் பண்ணு மார்லிஸ். நான் சொல்றேன்."



"சரி, எழுதிக்கோ. ஹெல்மா பூனைக்குப் பதினொரு வயசு. ஏழு இல்ல."