கடைசி ஆள் வரட்டும்

பெரிய டீச்சர் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவரைச் சாதுவாக்கிவிட்டார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் நினைவுக் கூட்டம். மேடையில் அவருடைய படம். பள்ளிச் செயலாளர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "பொறுமையின் மறு உருவம்" என்றார். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்" என்றார்.

முதல் வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சரின் சின்ன மருமகளுக்குப் புரையேறியது. யார், அத்தையா? அத்தை தொழுவத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தால், மேய்ச்சல் நிலத்தின் கோடியில் நிற்கும் கன்று காதை விடைத்துக்கொண்டு திரும்பும். இதே செயலாளர் ஒருமுறை, காலில் சாணி ஒட்டியிருந்த பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார். அன்றைக்கு அத்தை அவரை நடு மைதானத்தில் வைத்துக் கிழிகிழியென்று கிழித்தார். "சாணி தண்ணி ஊத்தினா போயிடும் சார். உங்க புத்தியை எதைப் போட்டுக் கழுவுறது?"

அந்தச் செயலாளர்தான் இப்போது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். பின்வரிசையில் டீச்சர் வீட்டுப் பண்ணையின் கறவைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

சின்ன மருமகள் சிரிக்கவில்லை. அவள் மடியில் ஒரு தட்டு. தட்டில் ரிப்பன் கட்டிய புத்தம்புதுக் கொத்தனார் கரண்டி. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரகம் அவள். கணவனின் அண்ணன், அவள் 'அத்தான்' என்று கூப்பிடுகிறவர், கிளம்பும்போதே சொல்லிவிட்டார். "நீ எதுவும் பேச வேணாம். பேசவும் மாட்டே. கூட்டம் முடிஞ்சதும் தட்டை நீட்டு, அது போதும்."

அந்தக் கரண்டியால் அவர் முதல் செங்கல்லுக்குக் கலவை வைப்பார். பெரிய டீச்சர் நினைவுச் சுவர். நடுவில் சலவைக்கல்லில் டீச்சர் பெயர். அது எழும்பப்போகிற இடம் எது என்பதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

டீச்சர் வீட்டு மாட்டுப் பண்ணை பள்ளிக்கூடத்துக்கு நேர் பின்னால். பண்ணைக்கு அந்தப் பக்கம், கறப்பவர்களும் மேய்ப்பவர்களும் இருக்கும் குடியிருப்பு. அங்கிருந்து பள்ளிக்கு வர, லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையைச் சுற்ற வேண்டும். வருஷங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை அங்கே அடிபட்டுக் காலை முறித்துக்கொண்டது. பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே அதைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனவர் டீச்சர். பிரசவ வலியோ, பாம்புக்கடியோ, அந்த வண்டிதான் அவர்களுக்கு ஆம்புலன்ஸ். திரும்பி வந்தவர் கை கழுவவில்லை. கம்பி வெட்டும் குறடோடு நேராகப் பின்வேலிக்குப் போனார். பள்ளி நிர்வாகம் குதித்தது. புருஷன் குதித்தார். வேலியில் திறப்பு வந்துவிட்டது; திறப்பில் ஓர் இரும்புக் கதவும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மாடுகள் அந்த வழியாக வந்து, மைதானத்து ஓரத் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, ஆற்றங்கரைப் புல்லுக்குப் போகும். பின்னாலேயே பிள்ளைகள். கதவுக்குப் பூட்டு கிடையாது, சட்டம்தான் உண்டு: கடைசியாக வருகிறவர் சாத்த வேண்டும். அந்தக் கடைசி ஆள் எப்போதும் டீச்சர்தான். மணி அடித்தாலும் அசையமாட்டார். "உங்களுக்கு இன்னிக்கும் லேட் போடணும் டீச்சர்" என்று தலைமையாசிரியர் மைதானத்திலிருந்து கத்துவார். "தாராளமா போடுங்க. இன்னும் ஒருத்தி வரணும்" என்று டீச்சர் திருப்பிக் கத்துவார்.

அத்தான் இப்போது உசத்தி ரக மாடுகள் வாங்கப்போகிறார். கண்ட கால்களும் நடந்தால் அவற்றுக்கு நோய் வருமாம். செயலாளருக்கோ, புதிதாகச் சேருகிற வசதியான பிள்ளைகளின் மூக்கில் சாண வாசம் ஏறக்கூடாதாம். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். கதவில் சங்கிலி ஏறி ஒரு வாரம் ஆகிறது. அந்தத் திறப்பை அடைத்துத்தான் நினைவுச் சுவர்.

நேற்று தொழுவத்தில் கறவைக்காரியின் மூத்த மகள் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நேரம்.

"என்ன அக்கா இது?" என்று கறவைக்காரியிடம் கேட்டாள் சின்ன மருமகள்.

"வேற என்ன பண்றது சின்னம்மா? பிள்ளையை அந்த ரோட்டுல விட்டுட்டு, வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு எப்படிக் கறப்பேன்? என் கை நடுங்கினா மாடு உதைக்குது. இவ இனிமே கேனே கழுவட்டும்."

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. கேனின் உள்ளே கையை விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே கழுவிய கேன் அது.

மண்டபத்தில் செயலாளர் உருகிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு மாடு கத்தியது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்தமாக. ஒரு வாரமாக இப்படித்தான். பழக்கப்பட்ட நேரம் வந்ததும் மூடிய கதவில் முட்டிக்கொண்டு நின்று கத்துகின்றன.

செயலாளர் கையை உயர்த்தினார். "கேளுங்கள்! அந்த வாயில்லா ஜீவன்கள்கூட நம் டீச்சரை நினைத்து அழுகின்றன!"

கைதட்டல்.

சின்ன மருமகள் எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே விளங்க ஒரு நொடி பிடித்தது. அழுகிறதாமே! மாட்டைப் பார்த்தவன் பேசுகிற பேச்சா? அது கதவைத் திற என்கிறது. ஒரு வாரமாகத் தொண்டை கிழிய அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாட்டுக்கு இருக்கிற வாய்கூடத் தனக்கு இல்லையே என்று அவளுக்குக் காது சிவந்தது.

தட்டை நாற்காலியில் வைத்தாள்.

"எங்க போறே? உக்காரு" என்று பல்லுக்குள் சொன்னார் அத்தான்.

கால் மட்டும் நடந்தது. பின்வரிசைக்குப் போய்க் கறவைக்காரியின் தோளைத் தொட்டாள். "வா அக்கா. ஒரு கை பிடிக்கணும்."

வேலித் திறப்பில் கொத்தனார் கலவையைக் குழைத்துக்கொண்டிருந்தார். சலவைக்கல் செங்கற்களில் சாய்ந்து நின்றது. முஷ்டி அளவு பூட்டைக் காட்டி, "சாவி உங்க அத்தான்கிட்ட இருக்கும்மா" என்றார்.

"பூட்டு கிடக்கட்டும்."

அவள் கதவின் பூட்டுப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கீல் பக்கம் போனாள். எந்தப் பண்ணைக் கதவுக்கும், அதைத் தாங்கும் கீழ்க் கீலின் இரும்பு முளை மேலே பார்த்து நிற்கும். மேல் கீலின் முளையைக் கீழே பார்க்க வைப்பார்கள், யாரும் கதவைக் கழற்றிவிடக் கூடாதென்று. அத்தை மட்டும் இரண்டு முளையையும் மேலே பார்த்தபடி வைத்தார். தீயோ வெள்ளமோ வந்தால் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருக்காமல் கதவை அப்படியே தூக்கிவிடலாம். ஒரு வெள்ளத்தில் அத்தையும் அவளும் அப்படித் தூக்கி, மாடுகளையும் குடியிருப்பையும் சேர்த்துப் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள். அத்தான் அப்போது வெளியூரில் இருந்தார்.

"இந்தப் பண்ணையில பிறந்து வளர்ந்த மனுஷன்" என்று கறவைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "கதவுக்கு ரெண்டு பக்கம் உண்டுங்கிறதை மறந்துட்டாரே!"

"தூக்கு அக்கா!"

இரும்பு முனகியது. கதவு முளையிலிருந்து எழும்பி, சங்கிலியில் தொங்கியபடி வேலியில் சாய்ந்தது. ஒற்றைக் கொம்பு முன்மாடு யாரையும் கேட்கவில்லை. மூக்கை நீட்டி ஒருமுறை உறிஞ்சிவிட்டு, செங்கல் குவியலைச் சுற்றிக்கொண்டு தொட்டியைப் பார்த்து நடந்தது. பின்னால் மந்தை. மந்தைக்குப் பின்னால், கேள்விப்பட்டு ஓடிவந்த பிள்ளைகள். யாரிடமும் புத்தகப் பை இல்லை. ஆனாலும் வந்தார்கள்.

மண்டபம் காலியாகி எல்லோரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். செயலாளர் சாணியில் படாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். அவள் கணவன் அண்ணனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு எதிரே வந்த பசுவுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். எப்போதுமே அவனுக்கு அது கைவந்த கலை.

"உனக்குப் பைத்தியமா?" அத்தான் மூச்சிரைக்க வந்தார். "அம்மா காரியத்துல இப்படியா மானத்தை வாங்குவே?"

அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் விழுங்கினாள். "அத்தை திறந்த வழி இது. அதை அடைச்சு, அடைச்ச கல்லுல அத்தை பேரையே எழுதுவீங்களா?"

"ஏம்மா, கலவை இறுகுதே" என்றார் கொத்தனார் நடுவில்.

"தண்ணித் தொட்டி வெடிச்சிருக்கு. அதுக்குப் பூசுங்க. கல்லையும் அதுலயே பதிங்க." அவள் சலவைக்கல்லைக் கை காட்டினாள். "அத்தை பேரு எதுக்காவது உதவட்டும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தானின் முகம் கருத்தது. "சிரிக்கிறதெல்லாம் இருக்கட்டும். மாடு போயாச்சுல்ல? கதவை மாட்டு இப்ப."

"மாட்டறேன் அத்தான். கடைசி ஆள் வரட்டும்."

"இன்னும் யார் வரணும்?"

அவள் செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்து பண்ணைப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தாள். தூரத்தில், தொழுவத்து வாசலில், கறவைக்காரியின் மூத்த மகள் ஈரக் கையை உதறிக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்று நின்றிருந்தாள்.

"நாளைக்கு வெல்டிங்காரனைக் கூட்டிட்டு வந்து அந்தக் கீலையும் ஒட்ட வச்சிடுவேன்" என்றார் அத்தான்.

"கம்பி வெட்டுற குறடு என்கிட்டதான் இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, வாழ்நாளில் போடாத ஒரு கூப்பாடு போட்டாள். தொட்டியருகே மாடுகள் காதை விடைத்துத் திரும்பின. அந்தக் கோடியில் நின்ற பெண் ஓடிவரத் தொடங்கினாள்.