பயணிகளின் நிறை

"அசையாதை," என்றார் ஆனந்தராஜா. "நீ ஆடினா நம்பரும் ஆடும்."

செந்தூரன் அசையவில்லை. குளியலறைத் தரையில் வைத்திருந்த நிறை பார்க்கிற மெசினில் வெறுங்காலோடு ஏறி, தகப்பனை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றான். அப்பாவின் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. முதுகெலும்பு முழங்கையில் தட்டுப்பட்டது. முப்பத்தாறு வயதில் அவன் அப்பாவைத் தூக்குவது இதுதான் முதல்தரம். தூக்குமுன் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்தான். தூக்கியபின் இவ்வளவுதானா என்று அதைவிடக் கூடப் பயந்தான்.

"எத்தினை காட்டுது?"

"நூற்றி இருபத்திநாலு."

"இப்ப என்னைக் கொண்டுபோய்க் கிடத்திப்போட்டு, நீ தனிய ஏறு."

சிட்னி செவன் ஹில்ஸ் வீட்டின் முன் ஹோலில், சோபா கிடந்த இடத்தில் இப்போது ஆசுப்பத்திரிக் கட்டில் இருந்தது. அப்பாவை அதில் கிடத்தி, ஹீற்றரைக் கொஞ்சம் கிட்ட இழுத்துவிட்டு, செந்தூரன் திரும்பப் போய்த் தனியே ஏறினான். எண்பத்திரண்டு.

"அப்ப நான் நாப்பத்திரண்டு." படுத்தபடியே கழித்துவிட்டார். "பெப்ரவரியிலை எழுபத்தாறு எண்டு எழுதினனான். மிச்சத்துக்கு அம்மாவை இன்னொரு பெட்டி கொண்டுவரச் சொல்லு."

குசினியில் நின்ற அம்மா சந்திரவதனாவுக்கு அது கேட்டது. அவள் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். காலையில் அவளையும் ஏற்றி ஐம்பத்தெட்டு என்று குறித்தாகிவிட்டது.

நிறை கேட்டது டொக்டர் அல்ல. ஆபிரிக்காவின் ஒக்கவாங்கோவில் காட்டுக்குள் போக ரோட்டு இல்லை, சின்ன விமானத்தில்தான் போகவேண்டும். ஏறுகிற ஒவ்வொருவரின் நிறையையும் முன்னரே எழுதிக் கொடுத்தால்தான் யாரை எங்கே இருத்துவது என்று தீர்மானிப்பார்கள். ஓகஸ்ட் ஐந்தாம் திகதிப் பயணத்துக்கு அந்த ஃபோமை இன்றைக்குள், சனிக்கிழமைக்குள், அனுப்பவேண்டும்.

பதினொரு வருசம் வெயர்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய மனிதர், ஒருநாள் ரீவியில் அந்த ஆற்றைப் பார்த்துவிட்டார். கடலுக்குப் போகாமல் பாலைவனத்துக்குள் போய் விரிந்துவிடுகிற ஆறு. மழையே பெய்யாத மாதங்களில் அங்கே வெள்ளம் வருமாம், அதைத் தேடி யானையும் மாடும் மானும் கூட்டமாய் வருமாம். அன்றிலிருந்து வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த ஒருவரையும் அவர் சும்மா விடவில்லை. மெல்பேர்னில் இருந்த மகனை மூன்று முறை கூப்பிட்டார். முதல்முறை ஸ்பிரிங்வேலில் புதிதாய் எடுத்த பார்மசியைச் சொல்லி, அடுத்த வருசம் போவம் அப்பா என்றான் செந்தூரன். இரண்டாம்முறை வீடு வாங்குவதைச் சொன்னான். மூன்றாம்முறை காரணம்கூடச் சொல்லவில்லை, அடுத்த வருசம் என்றதோடு நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு அப்பா அவனைக் கேட்கவில்லை. தனக்கும் மனைவிக்கும் மட்டும் புக் பண்ணினார். புக் பண்ணி நாலு மாதத்தில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். இப்போது டொக்டர் சொல்வது இரண்டு, மிஞ்சினால் மூன்று கிழமை.

"தம்பி, அவரைக் கொண்டு அதைக் கான்சல் பண்ணுவி," என்று அம்மா மகனைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னாள். "வெளிக்கிடப் போறவர் மாதிரி எழுதிக்கொண்டு கிடக்கிறார். என்னாலை பாக்க ஏலாமல் கிடக்கு."

செந்தூரன் கட்டிலடியில் கதிரையைப் போட்டு இருந்தான். மெல்பேர்னிலிருந்து வரும்போது ஒரு வசனத்தைத் தயார்பண்ணிக்கொண்டு வந்திருந்தான். நான் உங்களோடை வந்திருக்கவேணும் அப்பா. அவ்வளவுதான். ஐந்து நாளாகியும் அது வாயைவிட்டு வரவில்லை. அதைச் சொல்ல வெளிக்கிட்டு வேறொன்றைச் சொன்னான்.

"அப்பா, இந்த ஃபோம் இப்ப தேவையோ?"

"ஆசுப்பத்திரிக்காரர் தந்த ஃபோம் எத்தினை நிரப்பினன். ஒண்டும் நான் கேட்டு வாங்கினதில்லை. இது நான் கேட்டு வாங்கினது."

ரப்லெற்றை நெஞ்சில் சாத்திவைத்துக்கொண்டு அப்பா ஒற்றைவிரலால் தட்டத் தொடங்கினார். நான் அடிச்சுத்தரட்டோ என்று கேட்டதற்கு, உன்ர வேலையைப் பார் என்றார். இடையில் ஒருதரம் மட்டும் தலையைத் திருப்பினார்.

"செப்டெம்பரிலை உங்கட பார்மசியிலை சனம் கூடவோ?"

"குளிர் முடிஞ்சால் குறைஞ்சிடும். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

முக்கால் மணித்தியாலம் தட்டினார். பிறகு ரப்லெற்றை மகனிடம் கொடுத்து, இனி இது உன்னட்டை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நல்ல நித்திரை. அம்மா குழாயை மூடிவிட்டு வந்து கால்மாட்டில் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்திரவதனா அவருடைய உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. நின்றதை அவள் உடனே அறியவில்லை. இன்னும் இரண்டுதரம் நனைத்தாள். பிறகு, "தம்பி, இஞ்சை ஓடியா," என்றாள்.

பின்னேரத்துக்குள் வீடு சனத்தால் நிறைந்துவிட்டது. வாசலில் சப்பாத்துகள் ஏறுமாறாய்க் கிடந்தன. யாரோ இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள், யாரோ தேத்தண்ணி ஊற்றினார்கள். அம்மாவின் தமையன் மகேந்திரராஜா சாப்பாட்டு மேசையில் இருந்து, செய்யவேண்டிய வேலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். சாவீடு என்றால் மகேந்திரராஜாதான். சிட்னியில் எந்த ஐயர் எத்தனை மணிக்கு வருவார், எந்தத் தகனசாலையில் எவ்வளவு நேரம் தருவார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

"அந்த ஆபிரிக்கா விசயத்தையும் எழுதியிருக்கிறன்," என்று செந்தூரனைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஓகஸ்ட் ஐஞ்சு எல்லோ? சாத்துடக்குக்குள்ளை வருகுது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியாமல் கொம்மா வாசல் தாண்டப்படாது. இப்பவே கான்சல் எண்டு அடிச்சுவிடு. பிறகு மறந்துபோவாய்."

"ஓம் மாமா."

செந்தூரன் அப்பாவின் ரப்லெற்றை எடுத்துக்கொண்டு பின்பக்க அறைக்குப் போனான். அம்மா அங்கே தனியாக இருந்தாள். உடலைக் கொண்டுபோய் வைத்திருந்த பார்லருக்குக் கொடுத்துவிடவேண்டிய பட்டு வேட்டியை மடியில் வைத்திருந்தாள். ஈமெயிலைத் திறந்தபோது அந்தக் கொம்பனியிலிருந்து பதில் வந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. நீங்கள் கேட்டபடி மாற்றங்களைச் செய்துவிட்டோம், எங்கள் எல்லோருடைய நினைவும் உங்களோடும் உங்கள் குடும்பத்தோடும் இருக்கிறது என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். புறப்படும் திகதி செப்டெம்பர் பன்னிரண்டு. பயணிகள் இருவர். சந்திரவதனா, ஐம்பத்தெட்டு கிலோ. செந்தூரன், எண்பத்திரண்டு கிலோ.

கீழே அப்பா சனிக்கிழமை எழுதிய கடிதம் இருந்தது. செந்தூரன் அதை இரண்டுதரம் வாசித்தான். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அதைத் தமிழில் வாசித்துக் காட்டினான்.

என்னால் வரமுடியாது. என் இடத்தில் என் மகன் வருவான். அவன் நிறையை இன்று சரியாகப் பார்த்துவிட்டேன். பாஸ்போர்ட் விபரத்தை அவன் பிறகு அனுப்புவான். தயவுசெய்து திகதியைத் தள்ளிவையுங்கள். எங்கள் வழக்கப்படி நான் இறந்து முப்பத்தொரு நாள் முடியும்வரை என் மனைவி எங்கும் போகமாட்டா. டொக்டர் மூன்று கிழமை என்கிறார். அதையும் கூட்டி, மேலும் நாலு நாள் விட்டிருக்கிறேன், எங்கள் ஆட்கள் குறை சொல்லாமல் இருக்க. மகனைக் கேட்டால் அடுத்த வருசம் என்பான். அதனால் நான் கேட்கவில்லை.

கடைசி வரியை வாசித்துவிட்டுச் செந்தூரன் ரப்லெற்றை நிலத்தில் வைத்தான். அவன் வேட்டிக் கரையில் நெற்றியை வைத்துக்கொண்டு பெரிதாக அழுதான். அப்பாவிடம் சொல்லமுடியாத வசனத்தை அம்மாவின் மடியில் சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் அவன் பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என்னையும் கேக்கேல்லை," என்றாள் கடைசியில். "தன்ர அந்தியேட்டிக்குத் தானே நாள் பாத்திருக்குது மனுசன். இதை எழுதேக்கை சிரிச்சிருக்கும்."

"அம்மா, நாங்கள் போவமோ?"

அவள் வேட்டியை நாலாக மடித்தாள். மடிப்புச் சரியில்லை என்று விரித்துத் திரும்ப மடித்தாள்.

"உனக்கு லீவு எடுக்கலாமோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

கதவு திறந்தது. மகேந்திரராஜா தாளோடு நின்றார். "கான்சல் பண்ணியாச்சோ?"

செந்தூரன் எழும்புமுன் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இல்லை அண்ணை. செப்டெம்பர் பன்னிரண்டு போறம். நானும் தம்பியும்."

மகேந்திரராஜா இன்றைக்கு ஒன்று என்று வைத்து விரல்மடிப்புகளில் எண்ணத் தொடங்கினார். முப்பத்தொன்றுக்கு, ஓகஸ்ட் இருபதில் பெருவிரல் நின்றது. நம்பாமல் மற்றக் கையில் இன்னொருதரம் எண்ணிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, தாளைச் சுவரில் வைத்து, அந்த ஆபிரிக்கா வரியை வெட்டினார்.