வால்வா, டிரான்சிஸ்டரா

“எதைம்மா எடுத்துக்கட்டும்?” காலி அட்டைப்பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மகள் இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கூடத்து மேசையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. கண்ணாடிக் குழல்கள் மங்கலாகச் சிவக்கும் வால்வு செட் ஒன்று. பக்கத்தில், உம்மென்று உட்கார்ந்திருக்கும் கறுப்பு டிரான்சிஸ்டர் செட். இரண்டு வாரம் கேட்டுப் பார்த்து ஒன்றைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. கெடு இன்றோடு முடிகிறது. அப்பாவோ நேற்றே முந்திக்கொண்டார்.

“அவசரமில்லம்மா, துக்க வீடு. வெளியூர்க்காரர் ஒருத்தர் காத்துட்டிருக்காரு, அதான்...”

“அப்பாவுக்குப் பிடிச்சது இங்கயே இருக்கணும். அவர் கடைசியா ஆசைப்பட்டது அது ஒண்ணுதான். பத்து நிமிஷம் உக்காருங்க” என்று மகள் அப்பாவின் நோட்டைப் பிரித்தாள்.

திங்கள்: வால்வுதான். பாடுகிறவர் பக்கத்தில் வந்து உட்காருகிறார். புதன்: டிரான்சிஸ்டர்தான். வால்வில் பாடுகிறவருக்கு ஜலதோஷம். வெள்ளி: வால்வேதான், சந்தேகமே இல்லை. ஞாயிறு: டிரான்சிஸ்டர், இதுவே முடிவு. அந்த முடிவையும் அடித்திருந்தார். மகளுக்குத் தலை சுற்றியது. வாழ்நாளெல்லாம் ஒரே நிறச் சட்டை போட்ட மனிதர் இப்படியா பல்டி அடிப்பார்?

“அம்மா, நீதானே கூட இருந்தே. எதுன்னு சொன்னாரு?”

அம்மா சமையலறை வாசலிலேயே நின்றாள். அப்பா துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருவார். “மாத்து” என்றதும், பாட்டை ஒரு செட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் குமிழை அம்மா பின்னாலிருந்து திருப்ப வேண்டும். எது முதலில் பாடியது என்று அவளைக் கேட்டுத்தான் பிறகு எழுதுவார்.

“நான் திருப்பவே இல்லடி.”

“என்னம்மா சொல்றே?”

“குமிழை விரலால ஒரு தட்டு தட்டுவேன். டக்குன்னு கேக்கும். ‘இப்பப் பாரு வித்தியாசத்தை’ம்பாரு. முதல்ல எதுன்னு கேட்டா, வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன்.”

சிரிப்பதா கோபிப்பதா என்று மகளுக்குத் தெரியவில்லை. “ஏம்மா அப்படிப் பண்ணே?”

“முப்பத்தெட்டு வருஷத்துல பாட்டு கேக்க என்னைக் கூப்பிட்டதே இந்த ரெண்டு வாரம்தான். முடிவு பண்ணிட்டா அப்புறம் எதுக்குக் கூப்பிடப் போறாரு?”

கடைக்காரர் காதில் விழாதவர்போல் மின்விசிறியைப் பார்த்தார்.

அம்மா வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடியில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாள். “போடுடி. அப்படி என்னத்தைத்தான் கேட்டாருன்னு பாக்கறேன்.”

மகள் இரண்டு செட்டையும் சூடாக விட்டு, பாட்டைப் போட்டாள். பாதியில் அம்மா, “மாத்து” என்றாள்.

மகளின் கை குமிழுக்குப் போயிற்று. அம்மாவின் உதடுகள் பாட்டோடு மெல்ல அசைந்துகொண்டிருந்தன. மகள் குமிழை விரலால் ஒரு தட்டு தட்டினாள்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். “ஆமா, வேற மாதிரிதான் இருக்கு.”

கடைக்காரர் அட்டைப்பெட்டியைச் சத்தம் வராமல் மடித்தார்.