தங்கராசுவின் மூன்றாவது பியூஸ்

காலையிலிருந்து மூன்றாவது பியூஸும் போய், தங்கராசுவின் பழைய பிக்கப் மறுபடி நின்றது. ஏற்றியிருந்த பீங்கான் பியூஸ் கட்டைகள் ஐந்து மணிக்குள் கடலூர் சேராவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும்.

அவர் பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றினார். "இனிமே போவாது."

மகள் இனியா கம்பியைப் பிடுங்கினாள். "போவாது, வண்டிதான் எரியும்! பியூஸு போறதே வண்டியக் காப்பாத்தத்தாம்ப்பா."

"இருவது வருசமா பியூஸு கட்ட செய்யறவனுக்கே பாடமா?"

"அது வூட்டுக்கு. இங்க குனிஞ்சி பாரு."

இன்ஜினுக்குப் போகும் ஒயர் தோலுரிந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அவள் அதற்கு டேப் சுற்றிப் புது பியூஸைச் செருகினாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓடத் தொடங்கியது.

"இதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் தங்கராசு.

இனியா ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். "பேசாம ஓட்டுப்பா!"