சேவலின் காலும் மிமாயின் முழங்காலும்

டியோனிங்குக்கு இரண்டு பேர் மேல் உயிர். ஒன்று அவனுடைய சண்டைச் சேவல் ஜெனரல். இன்னொன்று நாலு வயது மகள் மிமாய். இதில் யாருக்கு முதலிடம் என்று அவன் மனைவி லூர்டிங்கிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

விடிந்ததும் அவன் செய்யும் முதல் வேலை ஜெனரலை மடியில் வைத்துக்கொள்வது. இரண்டு காலையும் புறங்கையால் தொட்டுத் தொட்டு எது சூடு, எது வீக்கம் என்று பார்ப்பான். சேவல் கொஞ்சம் தயங்கி அடியெடுத்து வைத்தாலும் அவனுக்குக் காபி இறங்காது. அதற்குப் பிறகு சவாரி ஓட்டிப் பிழைக்கும் தன் ட்ரைசைக்கிளைத் துடைப்பான். அதற்கும் பிறகு மகளைக் கேலி செய்வான்.

கேலிக்குக் காரணம் இருந்தது. மாதா கோயில் திருவிழா முடிந்ததிலிருந்து, இரண்டு மாதமாக, மிமாய் காலையில் மட்டும் நொண்டினாள். பாயை விட்டு எழுந்தால் இடது முழங்கால் மடங்காது. விறைத்த காலை இழுத்து இழுத்து நடப்பாள்.

"முழங்கால் இன்னும் தூங்குதுப்பா" என்பாள்.

வெயில் ஏறியதும் அதே கால் வாத்துகளைத் துரத்திக்கொண்டு ஓடும். வாத்துகள்தான் பாவம்.

"பாலர் பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வர்ற நொண்டியைப் பாரு! மணிலாவுல இருந்து சினிமாக்காரன் வந்து இவளைத் தூக்கிட்டுப் போகப்போறான்" என்பான் டியோனிங். அதோடு விட்டானா? அவள் பின்னாலேயே நொண்டி நொண்டி நடந்து காட்டுவான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மிமாய் மட்டும் சிரிக்க மாட்டாள்.

அடுத்த வீட்டில் சுளுக்கெடுக்கும் தியோ அம்போங் இருந்தார். ஊருக்கே மாமா என்பதால் எல்லோருக்கும் அவர் தியோ. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் நோய் ஒன்றே ஒன்றுதான். காய்ச்சலா, சுளுக்கு. இருமலா, விலாவில் சுளுக்கு. லூர்டிங்குக்கு வயிறு போனபோதும் குடலில் சுளுக்கு என்றுதான் சொன்னார்.

தினமும் காலையில் இஞ்சி தட்டிப் போட்ட தேங்காயெண்ணெயோடு வந்து மிமாயின் காலைத் தேய்ப்பார். கொஞ்ச நேரத்தில் குழந்தை ஓடும். "பாத்தியா கை ராசியை!" என்று நெஞ்சை நிமிர்த்துவார். மறுநாள் காலை அவள் மறுபடியும் நொண்டுவாள், அவர் மறுபடியும் குணப்படுத்துவார். ஒரே நோயாளியைத் தினமும் குணமாக்கும் பாக்கியம் எந்த வைத்தியருக்குக் கிடைக்கும்?

லூர்டிங்குக்கு மனசு ஆறவில்லை. பெண்ணின் கால் இப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளை அரித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வரிசை நகர்ந்து டாக்டர் மலோனாவைப் பார்ப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் மிமாய் டாக்டரின் மேஜை மேலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா நொண்டுவா டாக்டர்" என்று லூர்டிங் அழாத குறையாகச் சொன்னாள்.

டாக்டர் மலோனா சிரிக்கவில்லை. முழங்காலை அழுத்திப் பார்த்தார். "காலையில யாரும் எண்ணெய் தேய்க்காதீங்க. நாளைக்கு விடிஞ்சதும் நானே வரேன்" என்றார்.

டாக்டர் வீட்டுக்கு வருவதென்றால் சும்மாவா? மறுநாள் விடிவதற்குள் பாதித் தெரு அவர்கள் வாசலில் நின்றது. யாரோ வாழைப்பழம் பொரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். தியோ எண்ணெய் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். மிமாய் காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சுளுக்குதான் டாக்டர், சந்தேகமே வேணாம்" என்றார் தியோ.

"சுளுக்குன்னா ஓடியாடினா வலி கூடணும், தியோ. இவளுக்குக் குறையுதே?"

எதிர்வீட்டு சியோனி குரல் கொடுத்தாள். "புத்து மேல மிதிச்சிருப்பா. உள்ள குடியிருக்கிற மாயக் குள்ளனுக்குக் கோபம்."

"மத்தியானம் மட்டும் கோபம் தணிஞ்சிடுமா?"

"மத்தியானம் அவன் தூங்குவான், டாக்டர்."

டாக்டர் பெருமூச்சு விட்டு, சேவலோடு உட்கார்ந்திருந்த டியோனிங்கைப் பார்த்தார். "அது கால்ல கோளாறுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

டியோனிங் குஷியாகிவிட்டான். "ரெண்டு காலையும் தொட்டுப் பாக்கணும் டாக்டர். சண்டையில அடிபட்டதுன்னா நடக்க நடக்க மோசமாகும். சீழ் வச்சதுன்னா கொதிக்கும், தொடவே விடாது, காலைக் கீழேயே ஊனாது."

"ரொம்ப சரி. அதே மாதிரி உங்க பொண்ணு காலையும் தொட்டுப் பாருங்க."

டியோனிங் சேவலை இறக்கிவிட்டு மகள் முன்னால் மண்டியிட்டான். புறங்கையால் வலது முழங்காலைத் தொட்டான். இடதைத் தொட்டான். மறுபடி வலது, மறுபடி இடது.

"சூடா இருக்கு. வீங்கியும் இருக்கு" என்றான். திருவிழாவிலிருந்து தினமும் சேவல் காலைத் தொட்ட கை இதை ஒருநாளும் தொடவில்லையே என்று வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

டாக்டர் விளக்கினார். சீழ் என்றால் காய்ச்சல் அடித்திருக்கும், காலை அசைக்கவே விட்டிருக்க மாட்டாள். சளிக்காய்ச்சலை ஒட்டி வருகிற மூட்டுவலி என்றால் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் போயிருக்கும். இத்தனை நாள் நீடித்து, தூங்கி எழுந்தால் விறைத்து, நடமாடினால் இளகுகிறது என்றால் குழந்தைகளுக்கே வருகிற மூட்டு அழற்சியாகத்தான் தெரிகிறது. வேறு பெரிய நோய் இல்லை என்று உறுதி செய்ய ரத்தம் பார்க்க வேண்டும். இது சத்தமில்லாமல் கண்ணையும் தொடும், அதனால் கண் டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

"கால் சரியாயிடுமா டாக்டர்?" என்றாள் லூர்டிங்.

"மருந்து இருக்கு. விடாம பாத்துக்கிட்டா நல்லா ஓடுவா."

இதற்குள் ஒரு வாத்து வீறிட்டது. மிமாய் அதைத் துரத்த ஆரம்பித்திருந்தாள். தியோ அவளைப் பார்த்தார், மூடி திறக்காத பாட்டிலைப் பார்த்தார். "நான் தொடவே இல்லையே!" என்று பரிதாபமாகச் சொன்னார். சியோனி அவர் கையில் ஒரு பொரித்த பழத்தைத் திணித்தாள்.

ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றுமில்லை, கண்ணும் தெளிவு என்று தெரிந்தது. மருந்து தொடங்கியது. ஆனால் முழங்கால் உடனே திருந்திவிடவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் டியோனிங் முதலில் மகளின் காலைத் தொட்டுப் பார்த்தான். ஜெனரல் கோபத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"தூக்கிட்டுப் போகவாடி?"

"வேணாம். நீயும் நொண்டுப்பா."

"இனிமே கேலி பண்ண மாட்டேன்டி, தங்கம்."

"கேலி இல்லப்பா. கூட வா."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் வேகத்துக்கே இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். தெரு முழுக்கப் பார்த்தது. தியோ அம்போங் பாட்டிலோடு ஓடிவந்து அவன் முழங்காலைக் கப்பென்று பிடித்தார்.

"டியோனிங்! சுளுக்கா?"

"விடுங்க தியோ. எங்கப்பாவுக்கும் முழங்கால் தூங்குது" என்றாள் மிமாய். திருவிழாவுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த நடையைப் பார்த்து அவளும் சிரித்தாள்.